நெற்றியில் பொட்டோடு வந்த படம்

காலை எட்டரை மணிக்குப் படம் வந்தது. கடையில் ஒருவருடைய ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். மெஷின் மேல் வைத்திருந்த போன் ஒரு தடவை அதிர்ந்து நின்றது. வந்தவரை அனுப்பிவிட்டு எடுத்துப் பார்த்தேன்.

எங்கள் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். பின்னால் போர் போடும் ரிக் லாரி. நீலக் கட்டம் போட்ட சட்டை. வலது கையை விரித்து, விரல் நகம் தெரிகிற மாதிரி கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். நெற்றியில் சந்தனம், அதன் மேல் குங்குமம். குங்குமத்தூள் கொஞ்சம் மூக்கின் மேலும் சிந்தியிருந்தது. நல்ல சிரித்த முகம்.

"அப்பா படம் வந்துருச்சாம்மா?" என்று உள்ளேயிருந்து மகள் கேட்டாள்.

"வந்துருச்சு சாமி. நல்லாத்தான் இருக்காரு."

சொல்லிவிட்டு இன்னொரு தடவை பார்த்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பொட்டு அன்றைக்கு அவர் நெற்றியில் இருக்கக் கூடாது.

இந்தத் தொடரில் போன வாரம் சூரமங்கலத்தில் ஜெராக்ஸ் கடை போட்ட கதையில் நிறுத்தியிருந்தேன். அதையே தொடரலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இந்தப் படம்தான் கண் முன்னால் வந்து நிற்கிறது. இதைச் சொல்லி முடிக்காமல் வேறொன்றும் எழுத ஓடாது.

கை தெரியணும்

வீட்டுக்காரர் ரிக் வண்டியில் டிரில்லர். திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள். அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது ரிக்கோடு வடக்கே போய்த்தான் இருப்பார்கள். மழைக்காலத்தில் ஊர் திரும்பினால் உண்டு. மற்ற மாதமெல்லாம் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் என்று பெயர் தெரியாத காடுகளில் பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பார்கள்.

போன வருசம் ஆடியில் ஊருக்கு வந்திருந்தபோது நெஞ்சு வலி வந்தது. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை அப்படியே தட்டில் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். ஒரு வருசம் ஜாக்கிரதையாக இருக்கணும் என்றார் டாக்டர். இந்த மனுசன் ரெண்டாம் மாசமே பையைத் தூக்கிவிட்டார்.

"இனிமேல் பைப் தூக்கமாட்டேன் அம்மிணி. லீவர் மட்டுந்தான் புடிப்பேன். நின்ன எடத்துல நின்னுக்குவேன்."

"ஏனுங்க, அங்க போயி விழுந்தீங்கன்னா எனக்கு யாரு சொல்லுவாங்க?"

"சொல்லாம உட்டுருவாங்களா?"

சண்டை ரெண்டு நாள் நடந்தது. ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும் நிபந்தனை போட்டேன். ஒரு வருசத்துக்குத் தினமும் ஒரு படம் அனுப்பணும். தொப்பி போடக் கூடாது. முகம் முழுசாகத் தெரியணும். கை தெரியணும், நகம் தெரியணும். நகமும் உதடும் நீலம் பாரித்தால் ரத்த ஓட்டம் சரியில்லை என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ பேசிக்கொண்டதைக் கேட்டிருந்தேன்.

"ஓட்டுக் கேக்கறவனாட்டம் கையைத் தூக்கிட்டு நிக்கோணுமா?" என்றார்.

"நில்லுங்க. உங்களுக்கு நான் ஓட்டுப் போட்டு இருவத்தஞ்சு வருசமாச்சு."

எட்டரை மணி

பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்துக் கொடுப்பதும் என் தொழில்தான். ஒரு நாளைக்குப் பத்து முகமாவது பார்ப்பேன். யார் தூங்கவில்லை, யார் அழுதுவிட்டு வந்திருக்கிறார்கள் என்பது கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்ததுமே தெரிந்துவிடும். அந்தப் பழக்கத்தை அவர் படத்திலும் காட்டினேன்.

எட்டரைக்குப் படம் வரும். பெரிதாக்கி உதட்டைப் பார்ப்பேன். நகத்தைப் பார்ப்பேன். கண்ணுக்குக் கீழே வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். கல்மாவு படிந்து முகமே வெள்ளையாக வரும் நாளில் போன் போட்டுத் திட்டுவேன். கழுவிவிட்டு இன்னொன்று அனுப்புவார்.

எட்டே முக்காலாகியும் வராவிட்டால் என்னிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. ஒருநாள் ஒன்பதரை ஆகிவிட்டது. ஒரு அம்மா பத்து நகல் கேட்ட இடத்தில் நூறு போட்டுவிட்டேன். தாள் வந்து விழுந்துகொண்டே இருக்கிறது, நான் போனையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

தீபாவளிக்கு நாலு நாள் வீட்டுக்கு வந்தபோதும் விடவில்லை. அடுத்த அறையில் உட்கார்ந்துகொண்டு எனக்குப் படம் அனுப்பினார். நான் கடையில் நின்று பெரிதாக்கிப் பார்த்தேன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பயம் குறையத்தான் படம் கேட்டேன். அது குறையவில்லை. வந்ததும் ஒரு மணி நேரம் நிம்மதியாக இருக்கும். அதற்குப் பிறகு நாளைய எட்டரையை நினைக்க ஆரம்பித்துவிடுவேன்.

பிணத்துக்குப் பக்கத்தில்

இந்தப் பயம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஸ்டுடியோவில் வேலை கற்றுக்கொண்ட காலம் ஞாபகத்துக்கு வருகிறது.

அப்போதெல்லாம் எழவு வீட்டுக்கும் போட்டோ எடுக்கக் கூப்பிடுவார்கள். பிணத்தை நாற்காலியில் உட்காரவைத்து, சுற்றிச் சொந்தபந்தம் நின்று எடுத்துக்கொள்வார்கள். ஒருதரம் அயோத்தியாப்பட்டணத்துப் பக்கம் போயிருந்தோம். ஸ்டுடியோக்காரர் லைட்டை என் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். இறந்தவருக்கு நாற்பது வயசு இருக்கும். நெற்றியில் காசு, தாடைக்குக் கட்டு. பக்கத்தில் அவர் சம்சாரம் நின்றது.

ரெண்டு நாள் கழித்து அந்தம்மா படம் வாங்க ஸ்டுடியோவுக்கு வந்தது. அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "உசிரோட இருக்கறப்ப எடுத்தது ஒண்ணுகூட இல்லீங்க. இதுல கண்ண மட்டும் தொறந்த மாதிரி பண்ணிக் குடுக்க முடியுமா?" என்று கேட்டது.

ஸ்டுடியோக்காரர் செய்து கொடுத்தார். கறுப்பு மையால் கண்ணை வரைந்து வைத்தார். காய்வதற்காக அதை மேசை மேல் வைத்திருந்தபோது அந்தப் பக்கமே நான் போகவில்லை. உயிரில்லாத முகம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

தீட்டு

சரி, பொட்டு விசயத்துக்கு வருகிறேன்.

ரிக் வண்டியில் ஒரு முறை உண்டு. புது இடத்தில் துளை போடுவதற்கு முன்னால் மெஷினுக்குப் பூசை போடாமல் லீவரில் கை வைக்க மாட்டார்கள். எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, அதே கையால் டிரில்லர் தன் நெற்றியிலும் வைத்துக்கொள்வார். தீட்டு இருக்கிற ஆள் அந்தத் தட்டைத் தொடவே கூடாது. தொட்டால் ராடு உள்ளே சிக்கிக்கொள்ளும் என்பார்கள். எங்கள் வீட்டுக்காரர் கோயிலுக்குப் போகச் சோம்பல்படுவார், இதில் மட்டும் ஒரு இம்மி விடமாட்டார். அவருடைய அப்பா தவறியபோது, கருமாதி முடிகிற வரைக்கும் சூடத் தட்டு இருந்த பக்கமே திரும்பவில்லை.

அந்தப் படம் வருவதற்கு ரெண்டு நாள் முன்னால் அவருடைய பெரியப்பா மகன் இறந்துவிட்டார். சொந்தப் பங்காளி. வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. அந்த ஒரு வாரமாகவே அவரோடு பேச முடியவில்லை. காட்டுக்குள் வேலை, டவர் கிடையாது, டீசல் வாங்க ஊருக்குள் வரும்போதுதான் படம் அனுப்ப முடிகிறது என்று செல்வராசு சொல்லியிருந்தான். செல்வராசு அதே ரிக்கில் அவருக்குத் துணை ஆள். பதினஞ்சு வருசமாகக் கூடவே இருக்கிறவன். அவனுக்குப் போன் போட்டு எழவுச் சேதியைச் சொன்னேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அவனே திரும்பக் கூப்பிட்டான். "அண்ணன்கிட்ட சொல்லிட்டேன் அக்கா. ரொம்ப வெசனப்பட்டாரு. தீட்டுன்னு பூசைத் தட்டைக்கூட தொடல."

நான் ஊருக்குப் போய் எழவில் கலந்துகொண்டு திரும்பிவிட்டேன். மகளுக்கு ஒன்பதாம் மாசம். தலைப்பிரசவத்துக்கு என் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளை விட்டுவிட்டு அங்கே தங்க முடியாது.

மறுநாள் படத்தில் நெற்றி வெறுமையாக இருந்தது. அதற்கு அடுத்த நாள்தான் இந்தக் குங்குமம்.

தீட்டு பார்க்கிறவர் நெற்றியில் பூசைக் குங்குமம் எப்படி வரும்? அப்படியானால் இது இன்றைக்கு எடுத்த படம் இல்லை. என்றைக்கோ எடுத்தது. பழைய படத்தை எதற்கு அனுப்பணும்? புதுப் படம் எடுக்க முடியாத நிலையில் இருந்தால்தானே.

ஒரு வாரமாக அவர் குரலைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டரைக்குப் படம் வந்தால் போதும் என்று மடத்தனமாக இருந்திருக்கிறேன்.

செல்வராசு

மகளுக்குக் கேட்கக் கூடாதென்று ரோட்டுக்கு வந்து நின்றுகொண்டு அவனைக் கூப்பிட்டேன். டவுன் பஸ் போகிற இரைச்சலில் காதைப் பொத்திக்கொண்டுதான் பேசினேன்.

"செல்வராசு, இன்னிக்குப் புது எடத்துல பூசை போட்டீங்களா?"

"போட்டோம் அக்கா."

"அண்ணனா போட்டாரு?"

"தீட்டுல அவரு எப்படி அக்கா போடுவாரு? நான்தான் சூடம் காட்டினேன்."

"அப்ப அவரு நெத்தில குங்குமம் யாரு வெச்சது?"

லைன் கட்டாகிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். விநாடி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"செல்வராசு. உசிரோட இருக்காரா, இல்லையா. அத மட்டும் சொல்லு."

"இருக்காரு அக்கா." அழ ஆரம்பித்துவிட்டான். "ஆஸ்பத்திரிலதான் இருக்காரு. ஒம்போது நாளாச்சு. மூணு எடத்துல அடைப்புன்னாங்க. முந்தாநாள் நெஞ்சத் தொறந்து ஆப்ரேசன் பண்ணாங்க. நீங்க பங்காளி எழவு சொன்ன அன்னிக்கு நான் ஆப்ரேசன் ரூமு வாசல்ல ஒக்காந்திருந்தேன். இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தலையும் புரியல காலும் புரியல. வரிசையா எடுத்து வெச்சிருந்த படத்துல அடுத்தத எடுத்து அனுப்பிட்டேன் அக்கா. பொட்டப் பாக்கல."

"பேசறாரா?"

"இன்னும் உள்ளதான் இருக்காரு. கண்ணத் தொறந்து பாத்தாராம். பேசலன்னாங்க."

வரிசையாக எடுத்து வைத்தது யார் என்று கேட்டேன். அண்ணன்தான் என்றான். நெஞ்சு வலி வந்து டாக்டரைப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன்னால் ரெண்டு நாள் வண்டிக்குத் திரும்பி வந்து, சட்டையை மாற்றி மாற்றி, இடத்தை மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டாராம். தினமும் எட்டரைக்கு ஒன்று அனுப்பு, வீட்டில் தெரியக் கூடாது, நிறைமாச வயிற்றோடு பாப்பா பயந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. அதற்குமேல் பயமும் வந்தது. ஒன்பது நாள் என் கண்ணில் மண்ணைத் தூவியிருக்கிறார்கள். ஒன்பது நாளும் உதட்டையும் நகத்தையும் பெரிதாக்கிப் பார்த்து நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறேன்.

தங்கையைப் போன் போட்டு வரவழைத்தேன். கருமாதி வேலை இருக்கிறது, ஊருக்குப் போய் வர நாலஞ்சு நாள் ஆகும் என்று மகளிடம் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள்.

"அப்பா படம்?"

"உனக்கே நேரா அனுப்பச் சொல்றேன் சாமி."

இப்போது நானும் அந்தக் கூட்டுக்களவாணித்தனத்தில் சேர்ந்துவிட்டேன். செல்வராசுவை மறுபடி கூப்பிட்டு, நாளையிலிருந்து படம் பாப்பா நம்பருக்குப் போகட்டும், பொட்டு வைத்த படம் எதுவும் வேண்டாம் என்றேன்.

"சரி அக்கா."

"இன்னும் எத்தனை மிச்சம் இருக்குது?"

"இருவத்தி மூணு."

இருபத்து மூன்று

ஆஸ்பத்திரி நாக்பூரில். அன்று மத்தியானமே ஜங்ஷனில் அங்கே போகிற ரயிலைப் பிடித்தேன். ஒரு நாளுக்கு மேல் பயணம். கையில் ஒரு பை, ரெண்டு புடவை. எனக்கு இந்தி ஒரு வார்த்தை தெரியாது.

செல்வராசுவிடம், இப்போது எடுத்த படம் ஒன்று அனுப்பு என்று கேட்டேன். உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்றான். நிஜமாக இருக்கலாம். இன்னொரு பொய்யாகவும் இருக்கலாம். அவன் அனுப்பினாலும் நான் எப்படி நம்புவது? ஒரு வருசமாக நான் நம்பியது படத்தை மட்டும்தான். இப்போது அதுவும் இல்லை.

இருக்கிறார் என்று சொன்னானே, இருக்கிறார் என்றுதானே சொன்னான் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மா சப்பாத்தி கொடுத்தது. வாங்கிக் கையிலேயே வைத்திருந்தேன்.

ஆந்திராவுக்குள் எங்கேயோ வண்டி நின்றபோது அந்த இருபத்து மூன்று என்ற கணக்கு மண்டைக்குள் வந்து உட்கார்ந்தது. ஏற்கெனவே அனுப்பியது ஒன்பது. ஆக மொத்தம் முப்பத்திரண்டு படம். ஆப்ரேசன் முடிந்து பிழைத்து எழுந்தால் பத்துப் பதினைந்து நாளில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து புதுப்படம் எடுத்துக்கொள்ளலாமே. முப்பத்திரண்டு எதற்கு?

விரல் விட்டு எண்ணினேன். மகளுக்கு டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பதினாறு நாள் இருந்தது. தலைப்பிரசவம், ஒரு வாரம் தள்ளிப் போனாலும் போகும் என்று டாக்டர் சொன்னதை அவருக்குப் போனில் சொன்னதே நான்தான். பதினாறும் ஏழும் இருபத்து மூன்று.

சப்பாத்தியைப் பைக்குள் வைத்துவிட்டுப் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில்

நாக்பூர் ஸ்டேஷனில் செல்வராசு நின்றுகொண்டிருந்தான். ஒரு வாரத் தாடி. இறங்குவதற்குள்ளேயே அவன் முகத்தைப் பார்த்தேன். அத்தனை முகம் பார்த்துப் பழகியவளுக்கு அந்த ஒரு முகம் பிடிபடவில்லை.

"இன்னிக்குக் காலைல பேசினாரு அக்கா" என்றான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒருத்தரைத்தான் உள்ளே விட்டார்கள். நான் பார்த்துப் பார்த்துப் பெரிதாக்கிய முகம், அங்கே சின்னதாகத் தலையணையில் கிடந்தது. உதடு வெடித்திருந்தது. நெஞ்சில் நெடுகக் கட்டு, சுற்றிலும் ஒயர். மூச்சு ஏறி இறங்குகிறதா என்று நின்று பார்த்தேன். ஏறி இறங்கியது. பத்துத் தடவை எண்ணிய பிறகுதான் பக்கத்தில் போனேன்.

கண்ணைத் திறந்தார். "வந்துட்டியா அம்மிணி" என்றார். குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "பாப்பா?"

"நல்லா இருக்கறா. அவளுக்குத் தெரியாது."

தலையை லேசாக ஆட்டினார்.

கேட்கக் கூடாது, ஆள் தேறட்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டுதான் வந்தேன். வாய் சும்மா இருக்கவில்லை. "ஏனுங்க, முப்பத்தி ரெண்டு படம் எதுக்குங்க?"

கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சட்டை பத்தல. செல்வராசு சட்டை ரெண்டு வாங்கிப் போட்டுக்கிட்டேன்."

"நான் அதக் கேக்கலீங்க."

பேசுவதற்கு மூச்சு சேர்த்தார். "பொழச்சா இந்தக் கட்டில்ல இருந்தே பேசிக்கலாம். இல்லைன்னா... பாப்பாளுக்கு நல்லபடியா ஆகற வரைக்கும் படம் போகோணும்னு சொல்லியிருந்தேன். என்னை இங்கயே எரிச்சரச் சொல்லீட்டேன். ஊருக்குக் கொண்டுபோனாத் தெரிஞ்சு போயிருமல்லொ."

இவர் இங்கே சாம்பலாகிக் கிடக்க, நான் அங்கே பூவும் பொட்டுமாக எட்டரைக்குப் போனை எடுத்து, நல்லாத்தான் இருக்காரு என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்திருப்பேன். இருபத்து மூன்று நாள்.

"எல்லாம் முடிஞ்சதுக்கப்பறம்?" என்று கேட்டேன்.

"அதுக்கப்பறம் நீ அழுதுக்கலாம்னு நெனச்சேன் அம்மிணி."

அடிக்கணும் போல இருந்தது. நெஞ்சு முழுக்கக் கட்டு, கையெல்லாம் ஊசி. அடிப்பதற்கு அந்த மனுசன் உடம்பில் இடமே இல்லை. கட்டில் கடைசிக்குப் போய்ப் போர்வையை விலக்கி, பாதத்தில் ஓங்கி ஒன்று வைத்தேன். நர்ஸ் ஓடி வந்தது. அது இந்தியில் என்னென்னவோ சொல்லி என்னை வெளியே இழுக்க, அடித்த அந்தக் காலையே ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, விடமாட்டேன் என்று தமிழில் அழுதுகொண்டிருந்தேன்.